நான்கு புள்ளி மூன்று

அந்தப் பட்டறை தஞ்சாவூர் பைபாஸ் ஓரத்தில் இருந்தது. லாரி, பஸ்களின் பின் அச்சைப் பிரித்துச் சரிசெய்வதில் பேர்போன இடம். என் காரின் பின் அச்சைத் தனியாகக் கழற்றி அங்கே கொண்டுபோயிருந்தோம். பட்டறைக்காரர் அதன் வயிற்றைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டே என் கணவரிடம் கேட்டார்.

"ரேஸுக்குன்னு சொன்னீங்க. யார் தம்பி ஓட்டப் போறது?"

"இவங்கதான்" என்றார் கணவர்.

அவர் முதலில் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பார்வை நேராக என் இடது காலுக்கு இறங்கியது. நான் நடந்து வந்த விதத்தை அவர் முன்பே கவனித்திருக்க வேண்டும். மேசையில் கிடந்த ஸ்பானரை எடுத்து, சுடிதாருக்கு மேலாகவே கணுக்காலுக்குச் சற்று மேலே தட்டினேன். 'டொக்' என்று சத்தம் வந்தது.

"முழங்காலுக்குக் கீழ கிடையாதுங்க. அதனாலதான் ஆட்டோமேட்டிக். மத்ததைக் கேளுங்க."

அவர் எதையும் கேட்கவில்லை. திரும்பிக் கணவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். "அப்ப நாலு எண்பத்தெட்டு போட்டுருங்க தம்பி. ஆட்டோமேட்டிக் சோம்பேறி கியர்பாக்ஸ். பின்னாடி பெரிய ரேஷியோ இருந்தாத்தான் எழுந்திரிக்கும்."

கணவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் போனில் தனியாகப் பேசிக்கொண்டார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அந்த எண் என்ன என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். எஞ்சினிலிருந்து காருக்கு அடியில் பின்னால் வரும் நீளமான தண்டு எத்தனை சுற்று சுற்றினால் பின்சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்பதுதான் ரேஷியோ. நாலு எண்பத்தெட்டு, அதாவது நான்கு புள்ளி எட்டு எட்டு என்றால் தண்டு ஏறக்குறைய ஐந்து சுற்று சுற்ற வேண்டும். எண் பெரிதானால் கார் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் இழுவை கூடும். ஆனால் ஒவ்வொரு வேகத்துக்கும் எஞ்சின் அதிகமாக ஓட வேண்டியிருக்கும். எண் சிறிதானால் கிளம்புவது மந்தம், நெடுஞ்சாலையில் நிம்மதி. இரண்டையும் சேர்த்துத் தரும் எண் கிடையாது. எதை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் தேர்வு.

நாங்கள் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். நிலம் உண்டு. அதைவிட எங்களுக்குச் சோறு போடுவது டிராக்டரும் அறுவடை இயந்திரமும். வாடகைக்கு விடுகிறோம். கணவர் வளைகுடாவில் ஒரு கார் கராஜில் வேலை பார்த்த வருஷங்களில் இந்தத் தொழிலை நான்தான் நடத்தினேன். டிரைவர் வராத நாளில் நானே டிராக்டரில் ஏறிவிடுவேன். சம்பா நடவுக்குச் சேறு அடித்துக்கொண்டிருந்த ஒரு நாளில் கேஜ் வீல் என்கிற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் வரப்பில் வழுக்கி வாய்க்காலுக்குள் சாய்ந்தது. நான் குதித்துவிட்டேன். இடது கால் மட்டும் குதிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது கணவர் ஊருக்கு வந்து சேர்ந்திருந்தார். அதன் பிறகு அவர் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே விஷயத்தை வேறு வேறு சொற்களில் சொன்னார்கள். இனிமேல் ஓட்டாதே. உட்கார்ந்து கணக்கு வழக்கைப் பார். செயற்கைக் கால் பழகி, ஆட்டோமேட்டிக் வண்டிக்கு லைசென்ஸ் வாங்கி, சின்ன கார் ஒன்றை ஓட்ட ஆரம்பித்தேன். அது அவர்களுக்குச் சமாதானமாக இருந்தது. வயலுக்குப் போய்வர ஒரு வண்டி, பாவம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அந்தப் 'பாவம்' பிடிக்கவில்லை.

நன்னிலத்தில் மூடிப்போன ஒரு ரைஸ் மில் கொட்டகையில் அந்தப் பழைய கார் நின்றது. நீள மூக்கு, பெட்டி மாதிரி உடம்பு, எஞ்சின் முன்னால், ஓட்டம் பின்சக்கரத்தில். நெல் உமி கண்ணாடி வரை ஏறியிருந்தது. பார்த்த மாத்திரத்தில் வாங்க வேண்டும் என்றேன். கணவர் அடுத்த வருஷம் முழுக்க அதற்கு உயிர் கொடுத்தார். மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர் கொண்ட ஒரு ஜப்பான் எஞ்சினும், அதோடு வந்த மூன்று கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் ஏறின. ஆர்.சி. புத்தகத்தில் எஞ்சின் மாற்றத்தை ஏற்றவும் அவரேதான் அலைந்தார். ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பிரித்துச் சேர்ப்பது அவருக்கு வளைகுடாவில் தினசரி வேலை. அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச எங்கள் பக்கம் ஆளில்லை.

கைவிடப்பட்ட விமான ஓடுதளம் ஒன்றில் வருஷா வருஷம் நேர்கோட்டுப் பந்தயம் நடக்கும். இரண்டு கார் அருகருகே நிற்கும். பச்சை விளக்கு விழுந்ததும் நானூறு மீட்டர். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவர்கள்தான் ஜெயித்தவர்கள். அதில் ஓட்டப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று கணவர் சிரிக்கவில்லை, தடுக்கவும் இல்லை. "சரி, பின்னாடி ரேஷியோ மாத்தணும்" என்று மட்டும் சொன்னார். அப்படித்தான் தஞ்சாவூர் பட்டறைக்குப் போனோம்.

எனக்கு நாலு எண்பத்தெட்டில் சந்தேகம் இருந்தது. காரில் முதலில் இருந்தது மூணு எண்பத்தொன்பது. அதிலிருந்து ஒரேயடியாக இவ்வளவு தூரம் தாவ வேண்டுமா என்று கேட்டேன். பட்டறைக்காரர் ஒரு முறை, கணவர் ஒரு முறை, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு முறை "இதுதான் சரி" என்றார்கள். மாட்டியாயிற்று.

கார் கிளம்புவதில் வேகம் இருந்தது, மறுக்கவில்லை. ஆக்ஸிலேட்டரைத் தொட்டாலே முதுகு சீட்டில் அறைந்தது. கணவர் என் பக்கம் திரும்பி, "பாத்தியா?" என்றார். ஊருக்குள்ளே, கடைத்தெருவில், பால் சொசைட்டி வளைவில் அது நன்றாகத்தான் இருந்தது. நீள ஓட்டம் எப்படி என்று பார்க்க ஒரு நாள் வந்தது.

வைகாசியில் கணவரின் அண்ணனுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். சொந்தக்காரர்களுக்கு வேன் ஏற்பாடாகியிருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும், அதாவது பெரியத்தானும் அக்காவும், பெரிய காரில் வரட்டும் என்று கணவர் சொன்னார். பெரியத்தான் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நீதான் ஓட்டப் போறியாம்மா?"

"ஆமாங்கத்தான்."

"தம்பி ஓட்டக் கூடாதா?"

"அவர் பக்கத்துல உக்காந்துக்குவார்."

பட்டுவேட்டியை மடித்துக்கொண்டு அரை மனதோடு பின்சீட்டில் ஏறினார். கும்பகோணம் தாண்டும் வரை பரவாயில்லை. அதன் பிறகு சாலை காலியாகி எழுபது, எண்பதைத் தொட்டதும் எஞ்சின் ஓலமிட ஆரம்பித்தது. மேலே மாற்ற கியர் இல்லை, மூன்றோடு சரி. எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் மூவாயிரத்து ஐந்நூறுக்குக் கீழே இறங்கவில்லை. பின் அச்சு தன் பங்குக்குச் சீழ்க்கை அடித்தது. பின்சீட்டில் அக்கா என்னவோ கேட்டார், யாருக்கும் காதில் விழவில்லை. பெரியத்தான் முன்னால் சாய்ந்து கத்தினார்.

"இது காரா, ரைஸ் மில்லா?"

மாயவரத்தை நெருங்கும்போது சூடு காட்டும் முள் மேலே ஏறிக்கொண்டே போனது. வைகாசி வெயில், பழைய ரேடியேட்டர், ஓய்வே இல்லாமல் சுற்றும் எஞ்சின். முன்மூடிக்கு அடியிலிருந்து ஆவி கிளம்பியதும் ஓரங்கட்டினேன். பக்கத்தில் வாய்க்கால் இருந்தது. அதில் தண்ணீர் இல்லை. மேட்டூர் திறக்க இன்னும் நாள் இருந்தது, உள்ளே ஆடுதான் மேய்ந்துகொண்டிருந்தது. கணவர் டீக்கடைக்குத் தண்ணீர் கேட்கப் போனார். பின்னால் வந்த வேன் நின்றது. அதிலிருந்த சொந்தம் முழுக்க இறங்கி வந்து காரைச் சுற்றி நின்று பார்த்தது.

பெரியத்தானும் அக்காவும் வேனுக்கு மாறினார்கள். அக்கா போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். பெரியத்தான் வேனில் ஏறி நின்றுகொண்டு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"நல்ல நாளும் அதுவுமா! ஒரு கால் போயும் இந்தப் பொண்ணுக்குப் புத்தி வரல பாரு."

வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு நான் சிரித்துவைப்பேன். அன்று சிரிப்பு வரவில்லை.

"காலும் புத்தியும் வேற வேற எடத்துல இருக்கு அத்தான். ஒண்ணு போனாத்தான் இன்னொண்ணு வரணும்னு இல்ல" என்றேன்.

வேனுக்குள் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பெரியத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேன் போய்விட்டது. நாங்கள் எஞ்சின் ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி, ஐம்பதிலேயே உருட்டிக்கொண்டு போனோம். மாலை மாற்றுகிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிட்டோம். கலசத் தண்ணீரை ஊற்றும்போது பெரியத்தான் என்னைப் பார்க்கவில்லை. நானும் அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் தாராளமாகவே ஊற்றினேன்.

மறுநாள் காலையில், கணவர் அறுவடை இயந்திரத்தின் பெல்ட் பார்க்க வெளியே போயிருந்தபோது, காரை வீட்டுக்குப் பின்னாலுள்ள சிமெண்டுக் களத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். நெல் காய்கிற காலம் இல்லை. களம் காலியாகக் கிடந்தது. சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்துப் பின்டயரில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். காரில் ஏறி உட்கார்ந்து மெதுவாக உருட்டினேன். டயர் ஒவ்வொரு சுற்றுக்கும் தரையில் ஒரு வெள்ளைக் கோடு வைத்தது. இறங்கி, இரண்டு கோட்டுக்கு நடுவே டேப்பைப் பிடித்தேன். இரண்டு மீட்டர், ஒரு விரல் கூடலாம் குறையலாம். டயரின் பக்கத்தில் அச்சிட்ட அளவை வைத்துக் கணக்குப் போட்டிருந்தால் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கும். காரின் பாரத்தில் டயர் அமுங்குவதை அந்த எழுத்து சொல்லாது.

அதற்குப் பிறகு கணக்கு சுலபம். இந்த எடைக்கும் இந்த எஞ்சினுக்கும் நானூறு மீட்டர் முடிவில் வேகம் நூற்றறுபதை ஒட்டி வரும் என்று கணவரே முன்பு சொல்லியிருந்தார். அந்த வேகத்தில் இரண்டு மீட்டர் டயர் நிமிஷத்துக்கு ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் சுற்றும். அதை நாலு எண்பத்தெட்டால் பெருக்கினால் ஆறாயிரத்து ஐந்நூறு. எஞ்சின் தாண்டக் கூடாத சிவப்புக் கோடு அதேதான். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே கன்வெர்ட்டர் என்ற உறுப்பில் எண்ணெய்தான் விசையைக் கடத்துகிறது, அதில் கொஞ்சம் வழுக்கும். அதையும் சேர்த்தால் சிவப்பைத் தாண்டிவிடுகிறது. முடிவுக்கோடு வருவதற்கு முன்பே எஞ்சினுக்கு மூச்சு முட்டிவிடும். மூணு எண்பத்தொன்பதில் கோட்டைத் தாண்டும்போது எஞ்சின் தன் முழு பலத்துக்கே வந்திருக்காது. நடுவில் நாலு மூணு என்று ஒரு ரேஷியோ உண்டு. அதைப் போட்டுப் பெருக்கினேன். வழுக்கலையும் சேர்த்து ஆறாயிரம். எஞ்சினின் பலம் உச்சத்தில் நிற்கிற இடம்.

கணவர் வந்ததும் களத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னேன். வெள்ளைக் கோடுகளைப் பார்த்தபடியே நின்றார்.

"கணக்கு சரிதான்" என்றார்.

"அப்ப மாத்திடலாம்."

"மாத்தினா கிளம்பறது அடிபடும்."

"ஏங்க அடிபடுது? கன்வெர்ட்டர் எதுக்கு இருக்கு? நீங்கதானே எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க, ரெண்டு ஃபேனை எதிரெதிரே வெச்ச மாதிரின்னு. ஒண்ணு காத்து விடுது, இன்னொண்ணு அந்தக் காத்துல சுத்துது. கிளம்பற நேரத்துல அதுவே இழுவையை ரெண்டு மடங்கு ஆக்கிடும்னும் சொன்னீங்க. கிளட்ச் வண்டிக்குத்தான் அந்த வசதி இல்ல. பட்டறைக்காரர் சொல்ற ரேஷியோ கிளட்ச் வண்டிக்கு."

அவர் குனிந்து ஒரு வெள்ளைக் கோட்டை விரலால் தேய்த்தார். அவருக்குத் தெரியாத விஷயமில்லை இது.

"வேற என்னமோ இருக்கு. சொல்லுங்க."

"இல்ல... ஆட்டோமேட்டிக்ல ஓட்டறவங்க இடது காலால பிரேக்கைப் பிடிச்சுக்குவாங்க. வலது காலால எஞ்சினை ஏத்திக்கிட்டு நிப்பாங்க. பச்சை விழுந்ததும் பிரேக்கை விடுவாங்க. அப்பத்தான் கன்வெர்ட்டர் முழுசா இழுக்கும். உன்னால..."

நிறுத்திவிட்டார்.

"என்னால?"

"உன்னால அது முடியாதுல்ல. அந்தக் காலுக்குப் பெடல் தெரியாதே. அதான் அவரும் நானும் பேசி, கிளம்பறதுக்கு ஈடுகட்டற மாதிரி நாலு எண்பத்தெட்டுன்னு..."

அவர் குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. பெரியத்தான் வேனில் நின்று சொன்னதைக்கூட என்னால் தள்ளிவிட முடிந்தது. இந்த மனிதர் என்னோடு சேர்ந்து ஒரு வருஷம் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்தவர். அவர் எனக்குத் தெரியாமல் என் காலை அளந்து, அதற்கேற்ற பல்சக்கரத்தை வாங்கி மாட்டியிருக்கிறார்.

"இங்க பாருங்க" என்றேன். "ரேஷியோவை என் காலுக்குப் பார்க்காதீங்க. காருக்குப் பாருங்க. காலை நான் பாத்துக்கறேன்."

"கோவப்படாத. உனக்காகத்தானே..."

"எனக்காகன்னா என்கிட்ட கேட்டிருக்கணும்."

அவர் களத்தின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நான் காரின் கதவைத் திறந்து ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். வலது கை ஸ்டியரிங்கில் இருந்தது. வலது காலுக்கு ஆக்ஸிலேட்டர். இடது கை? அது தொடையின் மேல் சும்மா கிடந்தது. கியர் மாற்றும் வேலைகூட அதற்கு இல்லை, பெட்டியே மாற்றிக்கொள்கிறது. சேற்றில் டிராக்டர் இறக்கிய கை அது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஊன்றுகட்டையில் உடம்பு பாரம் முழுவதையும் தூக்கிய கை.

"என்னங்க" என்று கூப்பிட்டேன். "பின்சக்கர பிரேக்குக்குத் தனியா ஒரு கைப்பிடி வெச்சா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்தார். ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து, நான் கையை வைத்துக் காட்டிய இடத்தைப் பார்த்தார். கோபமும் வருத்தமும் இருந்த முகத்தில் மெக்கானிக் திரும்பி வருவதை நான் கண்ணால் கண்டேன்.

"தனி சிலிண்டர் போடணும்" என்றார். "பைப்பை இப்படிக் கொண்டுவரலாம். ஆனா பலமா இழுக்கணும். எஞ்சின் தள்ளும்போது வண்டி நகரக் கூடாது."

"நான் இழுத்துக் காட்டறேன்."

நாலு மூணு எங்கள் பக்கம் சுலபமாகக் கிடைக்கவில்லை. எங்கள் கார் அச்சையே கொண்ட ஒரு பழைய பிக்கப் வண்டியில் அது வரும் என்று கணவருக்குத் தெரியும். நாகூருக்குப் பக்கத்தில் பழைய இரும்புக்கடை வைத்திருந்த பாய் ஒருவரிடம் அப்படி ஒரு வண்டி கிடப்பதாகத் தகவல் வந்தது. மீன் ஏற்றி ஏற்றி உப்பில் ஊறிய வண்டி. உடம்பெல்லாம் துரு, ஆனால் அச்சின் உள்ளே எண்ணெய் பளபளவென்றிருந்தது. சாக்கை விரித்து உட்கார்ந்து பெரிய பல்சக்கரத்தின் பற்களைச் சாக்பீஸால் குறித்துக் குறித்து எண்ணினேன். நாற்பத்து மூன்று. சின்னதில் பத்து. வகுத்தால் நாலு மூணு.

"எண்ணிட்டீங்களாம்மா?" என்றார் பாய். "மீன்காரங்கதான் இப்படி உக்காந்து எண்ணுவாங்க."

"ஒண்ணு கூடினாலும் எனக்கு ஆகாது பாய்."

"அப்ப எடுத்துக்கிட்டுப் போங்க. வாசனை கழுவினா போயிரும்" என்றார். வீடு வந்து சேரும் வரை போகவில்லை.

அதைத் தஞ்சாவூர் பட்டறைக்குக் கொண்டுபோனோம். பட்டறைக்காரர் சக்கரத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது சரிப்படாதும்மா. வண்டி எழுந்திரிக்காது. நாளைக்கு யாராவது கேட்டா என் பேருதான் கெடும்."

"உங்க பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்க. போட்டு மட்டும் குடுங்க."

"தம்பி, நீங்க ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கணவர் பக்கம் திரும்பினார்.

கணவர் கைகளைக் கட்டிக்கொண்டார். "வண்டி அவங்களோடது. அவங்ககிட்டயே பேசுங்க."

பட்டறைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டேதான் வேலையை எடுத்தார். ஆனால் கோபத்தை வேலையில் காட்டவில்லை. பற்களில் நீலச் சாயம் பூசி, சுற்றி, தடம் சரியாக விழும் வரை தகடு மாற்றி மாற்றிச் சேர்த்துக் கொடுத்தார். பிறகு அந்த அச்சிலிருந்து ஒரு சீழ்க்கைகூட வரவில்லை.

பந்தயத்துக்கு முதல் நாள் காரை நானே ஓட்டிக்கொண்டு போனேன். ஓடுதளத்தில் கார்களைப் பரிசோதிக்கத் தொப்பி போட்ட இளைஞர் ஒருவர் இருந்தார். பிரேக், பெல்ட், ஹெல்மெட் எல்லாவற்றையும் பார்த்தார். கணவர் புதிதாக வைத்திருந்த கைப்பிரேக்கை இழுத்துப் பார்த்து, "சூப்பரா இருக்கு சார்" என்று கணவரிடம் சொன்னார். பிறகு நான் காரிலிருந்து இறங்கி நடப்பதைப் பார்த்தார்.

"மேடம்... நீங்கதான் டிரைவரா? ஒரு நிமிஷம்." உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்தார். "கஷ்டம் மேடம். சேஃப்டி பிரச்சினை வரும்."

"என்ன பிரச்சினை?"

"வண்டி தீப்பிடிச்சா சட்டுன்னு வெளிய வரணும்ல?"

"வரணும். எவ்வளவு நேரத்துல வரணும்னு உங்க ரூல்ல இருக்கா?"

அவர் கையிலிருந்த தாளைப் புரட்டினார். டிரைவர் யாருடைய உதவியும் இல்லாமல் உடனே வெளியே வர வேண்டும் என்றிருந்தது. அவ்வளவுதான். கால் எத்தனை இருக்க வேண்டும் என்று எதுவும் இல்லை.

"வாட்ச் வெச்சிருக்கீங்கல்ல? பாருங்க" என்றேன்.

ஹெல்மெட் மாட்டி, சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டேன். இதை எங்கள் களத்தில் எத்தனையோ முறை செய்து பார்த்திருந்தேன். இப்படி ஒருவர் எங்காவது நிற்பார் என்று எனக்குத் தெரியும். அவர் கையைக் காட்டியதும் பெல்ட்டைத் தட்டிவிட்டு, கதவின் மேல் கம்பியைப் பிடித்து உடம்பை ஒரே வீச்சில் வெளியே எறிந்தேன். கால் ஊன்றுவதற்கு முன்பே கைகள் என்னை வெளியே கொண்டுவந்துவிட்டன. இளைஞர் வாட்சைப் பார்த்தார்.

"இப்ப அவரையும் பாருங்க" என்று அடுத்த வரிசையில் நின்ற காரைக் காட்டினேன்.

"அவரை எதுக்கு மேடம்?"

"சேஃப்டி எல்லாருக்கும்தானே?"

சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்தக் காரின் சொந்தக்காரர் நல்ல மனிதர், திடகாத்திரமானவர். விளையாட்டாகவே சம்மதித்தார். பெல்ட் அவர் தொப்பையின் மேல் சிக்கிக்கொண்டது. ஒரு கால் வெளியே வந்துவிட்டது, மறு கால் பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அவரே சிரித்துக்கொண்டு, "மேடத்தை விட்டுருங்க தம்பி, என்னைத்தான் நிறுத்தணும்" என்றார். இளைஞர் என் கார் கண்ணாடியில் ஸ்டிக்கரை ஒட்டினார்.

முதல் ஓட்டம் ஒத்திகைதான். அதில் நான் சொதப்பினேன். கைப்பிரேக்கை இழுத்துக்கொண்டு எஞ்சினைத் தேவைக்கு மேல் ஏற்றிவிட்டேன். விட்டதும் பின்டயர்கள் புகைந்து ஒரே இடத்தில் சுற்றின. பக்கத்துக் கார் போயே போய்விட்டது. திரும்பி வந்ததும் கணவர் குனிந்து ஜன்னலில் சொன்னார். "நாலு மூணுக்கே இப்படிச் சுத்துது. நாலு எண்பத்தெட்டா இருந்தா இன்னும் அங்கேயேதான் நின்னிருப்ப." அவர் மன்னிப்புக் கேட்டதை அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது நிஜம். பக்கத்தில் போட்டிக்கு ஒரு கிளட்ச் வண்டி, இளம் டிரைவர். இடது கையால் பிரேக்கை இழுத்தேன். வலது காலை அளவோடு அழுத்தினேன். கார் பின்னங்காலில் உட்கார்ந்து உறுமியது. பச்சை. கையை விட்டேன். இந்த முறை டயர் ஒரு கணம் கீச்சிட்டுத் தரையைப் பிடித்துக்கொண்டது. முதல் கியர் முடிந்து இரண்டாவது விழுந்தபோது இருவரும் சமமாக இருந்தோம். அவர் மூன்றாவதுக்குக் கிளட்சை மிதித்த அந்த இடைவெளியில் நான் முன்னால் போனேன். என் கார் எதையும் மிதிக்கவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தது. கோட்டைத் தாண்டும் கணத்தில் கண்ணை ஒரு முறை முள்ளுக்குக் கொண்டுபோனேன். ஆறாயிரம். எழுதிவைத்த மாதிரி அங்கே நின்றது. அரை கார் நீளத்தில் ஜெயித்தேன்.

ஹெல்மெட்டுக்குள் நான் கத்தியது எனக்கே கேட்டது. அழுகை இல்லை. வாய்க்காலில் விழுந்த நாளிலிருந்து உள்ளே கிடந்த ஏதோ ஒன்று வெளியே போனது, அவ்வளவுதான்.

அடுத்த சுற்றில் டர்போ வைத்த ஒரு காரிடம் தோற்றேன். நன்றாகவே தோற்றேன். அந்தக் கார் கோட்டைத் தாண்டியபோது எனக்கு அதன் பின்விளக்குகள்தான் தெரிந்தன. அந்த ஓட்டத்திலும் முள் ஆறாயிரத்துக்கு வந்தது. என் காரிடம் இருந்த எல்லாவற்றையும் அது கொடுத்துவிட்டது. தோற்றதில் வருத்தம் இருந்தது. அது ஓட்டுகிறவர்கள் எல்லோருக்கும் வருகிற வருத்தம். அதை யாரும் பாவம் என்று சொல்லவில்லை. தோளைத் தட்டி, "அடுத்த தடவை டர்போ போடுங்க" என்றார்கள்.

மறுநாள் காலையில் ஊருக்குக் கிளம்பினோம். தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தபோது திரும்பிப் பார்த்தால் கணவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. குறுவை அறுவடை தொடங்கியிருந்தது. சாலையின் ஒரு பாதியில் நெல் காய்ந்தது, மறு பாதியில் ஒதுங்கி ஒதுங்கி வந்தேன்.

வீட்டில் பெரியத்தான் வந்து உட்கார்ந்திருந்தார். செய்தி எங்களுக்கு முன்பே வந்துவிட்டது.

"தோத்துட்டியாமே?"

"ஆமாங்கத்தான். ஒண்ணுல ஜெயிச்சு ஒண்ணுல தோத்தேன்."

"ஆசைக்கு ஒரு தடவை ஓட்டியாச்சு. இதோட நிறுத்திக்கலாம்ல? அந்தக் காரை யாராவது கேட்டா குடுத்துருங்க."

"பின்டயர் ரெண்டும் தேஞ்சுபோச்சு அத்தான். புதுசு பாத்துக்கிட்டிருக்கேன். கொஞ்சம் அகலமா, உயரம் மட்டும் மாறாம."

"உயரம் மாறினா என்ன?"

அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேலியாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்றும் தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு நேரமும் இல்லை. கிழக்கு வயலில் அறுவடை இயந்திரம் நின்றுவிட்டது என்று டிரைவர் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

"உயரம் மாறினா கணக்கெல்லாம் மாறிடும். வந்து சொல்றேன், காபி குடிங்க" என்று சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.